பன்னிரண்டரைக்கு இரண்டு பக்கமும்

9

ராஜினாமா கடிதம் தயாராக இருந்தது. தேதி போட்டு, காரணம் 'சொந்த விருப்பம்' என்று அச்சடித்து, கையெழுத்துக்கு இடம் விட்டு, அதன் மேல் ஒரு பேனாவையும் வைத்துவிட்டுப் போயிருந்தார் மேனேஜர்.

"நல்ல பேனா," என்றான் கமா, அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து. "கழுத்தறுக்கிற கத்திக்கு இவ்வளவு பாலிஷ் போட்டு நான் பார்த்ததில்ல."

கமா, துப்பறிவாளரின் உதவியாளன். யார் பேசினாலும் வாக்கியம் முடிவதற்குள் நடுவில் புகுந்துவிடுவான் என்பதால் வந்த பெயர். துப்பறிவாளர் அம்மாள் அவனுக்கு நேர்மாறு. ஐம்பது வயது, தோளில் ஒரு தோல் பை, வார்த்தைகளுக்கு ரேஷன் வைத்தது போன்ற பேச்சு.

டீச்சருக்குச் சிரிப்பு வரவில்லை. பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடம் நடத்திய காலத்துப் பெயர் 'டீச்சர்'. தேர்வு தயாரிக்கும் இந்தக் கம்பெனிக்கு வந்த பிறகும் அது அவளை விடவில்லை. இங்கே அவள் வேலை, எண் விடைக் கேள்விகள். நாலு விடையில் ஒன்றைத் தொடும் வகை அல்ல. காலிப் பெட்டியில் எண்ணைத் தட்ட வேண்டும். குருட்டு அதிர்ஷ்டத்துக்கு அங்கே வேலை இல்லை என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வாள்.

அந்தப் பெருமைக்குத்தான் இப்போது வேட்டு. ஆஸ்பத்திரி நர்சுகளுக்கான தேர்வில், ஏழு பேர் கேள்வியை வாசிக்கக்கூடப் போதாத நேரத்தில் எல்லா எண்களையும் தட்டிவிட்டு எழுந்து போயிருந்தார்கள். விடை வெளியே போயிருக்கிறது. கேள்விகளைத் தயாரித்தது டீச்சர். எனவே, மேனேஜர் கணக்கின்படி, கொடுத்ததும் டீச்சர். நாலு மணிக்குள் கையெழுத்துப் போட்டால் சத்தமில்லாமல் முடியும். போடாவிட்டால் போலீஸ். எப்படியானாலும் இனி எந்தக் கம்பெனியும் அவளை ஒரு கேள்வி எழுத விடாது.

"அழாதீங்க அண்ணி," என்றாள் பக்கத்தில் இருந்த நாத்தனார், டீச்சரின் கையைப் பிடித்துக்கொண்டு. "நாங்க எல்லாரும் இருக்கோம்ல."

கணவனின் ஒரே தங்கை. டீச்சர்தான் சிபாரிசு செய்து இதே பிரிவில் சேர்த்துவிட்டாள். ஒரு வாரமாக ராத்திரி சாப்பாட்டுத் தட்டை டீச்சரின் கைக்குக் கொண்டுவந்து கொடுத்தது இவள்தான். வீட்டில் எல்லோரும் கையைப் பிசைந்துகொண்டு நின்றபோது, இன்டர்நெட்டில் தேடித் துப்பறிவாளரைப் பிடித்துக் கொடுத்ததும் இவள்தான்.

"அது என்னமோ தெரியலம்மா," என்றான் கமா. "எங்க ஏஜென்சிக்கு இன்டர்நெட்ல ரெண்டே நட்சத்திரம். அதுல ஒண்ணு நானே போட்டது. அவ்வளவு பேரைத் தாண்டி எங்களை எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"கமா," என்றார் துப்பறிவாளர். அவன் அடங்கினான்.

நாத்தனாரின் போன் மேஜையில் துடித்தது. திரையைப் பார்த்ததும் அவள் முகம் சிவந்தது.

"மாப்பிள்ளையா?" என்றாள் டீச்சர். நிச்சயம் ஆன நாளிலிருந்து அந்தப் போன் அடிக்காத மணி நேரம் கிடையாது. "போய்ப் பேசு. அப்படியே எல்லாருக்கும் டீ வாங்கிட்டு வா."

கதவு மூடியது. துப்பறிவாளர் கம்ப்யூட்டர் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"எனக்குக் கணக்கு வராது டீச்சர். ஒரு கேள்வி எப்படிப் பொறக்குதுன்னு காட்டுங்க. கமா, நீ பரீட்சை எழுதுற ஆள்."

"பாஸ், நான் பரீட்சைக்குப் பயந்துதான் இந்தத் தொழிலுக்கே வந்தேன்."

டீச்சர் தேர்வின் முதல் கேள்வியைத் திறந்தாள். பெரியவர் ஒருவருக்கு மூன்று மணி நேரத்தில் நூற்றிருபத்தைந்து மில்லி மருந்து ஏற வேண்டும். மணிக்கு எத்தனை மில்லி?

"விடை நாற்பத்தொண்ணு புள்ளி ஆறு ஏழு. ஆனா அப்படியே தட்டணும்னா யாரும் பாஸாக மாட்டாங்க. ஒருத்தர் ஒரு தசமத்தோட நிறுத்துவார், ஒருத்தர் முழுசாக்குவார். அதனால விடைக்கு ரெண்டு பக்கமும் கொஞ்சம் இடம் விடுவோம். ஆபீஸ்ல அதுக்குப் பேரு சலுகை. இதுக்கு ரெண்டு மில்லி கொடுத்திருக்கேன்."

"இந்தப் பக்கம் ரெண்டு, அந்தப் பக்கம் ரெண்டு."

"ஆமாங்க. அதுக்குள்ள எது தட்டினாலும் மார்க்."

"இதெல்லாம் யாருக்குத் தெரியும்?"

"விடையும் சலுகையும் என் திரையில மட்டும்தான் தெரியும்." சொல்லும்போதே தன் கழுத்துக்குத் தானே சுருக்குப் போடுவது போல இருந்தது டீச்சருக்கு. "அப்புறம் கேள்வி சரிபார்ப்புக்குப் போகும். அங்க கேள்வியும் காலிப் பெட்டியும்தான். சரிபார்க்கிறவங்க பேப்பர்ல போட்டுப் பார்த்து விடையைத் தட்டணும். சரின்னா பச்சை டிக், தப்புன்னா சிவப்பு. ரெண்டு பேர் விடையும் ஒத்துப்போனா கேள்வி சரி."

"அந்தத் திரையைக் கமாவுக்குக் கொடுங்க."

கமா சட்டைக் கையை மடித்துக்கொண்டு உட்கார்ந்தான். பேப்பரைப் பார்த்தான். பேனாவைப் பார்த்தான். இரண்டையும் தள்ளி வைத்தான். ஐம்பது என்று தட்டினான். சிவப்பு. முப்பது. சிவப்பு. நாற்பத்தைந்து. சிவப்பு. நாற்பத்து மூன்று.

பச்சை.

"பாஸ், பாஸ்," என்றான். "இந்த மாதிரி வாத்தியார் எனக்குக் கிடைச்சிருந்தா நான் டாக்டராயிருப்பேன். எத்தனை தடவை வேணும்னாலும் தட்டலாம், திட்டவே மாட்டேங்குது."

"பரீட்சையில அப்படிக் கிடையாது," என்றாள் டீச்சர் கொஞ்சம் கோபமாக. "அங்க ஒரே தடவை, டிக்கும் தெரியாது. இந்தத் திரை சரிபார்ப்புக்கு மட்டும்தான். இப்படி யாரும் விளையாட மாட்டாங்க."

துப்பறிவாளர் சிரிக்கவில்லை. பச்சை டிக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கமா. அந்த ஏழு பேர் விடையும் காலையில வாசிச்சியே. முதல் கேள்விக்கு என்ன?"

"நாற்பது. ஏழு பேரும் நாற்பது."

டீச்சர் நிமிர்ந்தாள். "நாற்பதா? அது எப்படி? சரியாப் போட்டா நாற்பத்தொண்ணு புள்ளி ஆறு ஏழு. முழுசாக்கினா நாற்பத்திரண்டு. நாற்பது எந்த வழியிலயும் வராதே."

"ஆனா மார்க் விழும்."

"விழும். சலுகைக்குள்ள இருக்கு."

"மத்த கேள்விகளும் இப்படித்தான் டீச்சர். எல்லாம் முழு எண். எதுவுமே உங்க விடை இல்ல. ஆனா ஒண்ணைத் தவிர எல்லாத்துக்கும் மார்க்." அன்றைய ரேஷனில் பாதியை ஒரே மூச்சில் செலவழித்துவிட்ட துப்பறிவாளர் சற்று நிறுத்தினார். "விடை தெரிஞ்ச ஆள் ஒரே ஆள், அதனால திருடனும் அந்த ஆள்தான்னு உங்க மேனேஜர் சொல்றார். திருடனுக்கு விடையே தெரியாது. எதைத் தட்டினா பச்சை வரும்னு மட்டும்தான் தெரியும். நம்ம கமா மாதிரி."

டீச்சருக்கு ஒரு வாரத்தில் முதல்முறையாக மூச்சு முழுசாக உள்ளே போனது. போன மூச்சு அங்கேயே நின்றது. பச்சை டிக் தெரியும் திரை சரிபார்ப்பவருடையது என்று அவள்தானே இப்போது தன் வாயால் சொன்னாள். இந்தப் பிரிவில் கேள்விகளைச் சரிபார்ப்பது நாத்தனார் ஒருத்திதான்.

"இல்லீங்க," என்றாள் உடனே. "அவ இல்ல. அவளுக்குக் கணக்குன்னா உயிரு. 'கணக்கு போடறப்போ எனக்குப் பசிகூடத் தெரியாது அண்ணி'ன்னு சொல்லித்தான் இந்த வேலைக்கே வந்தா. மேனேஜர்கிட்டயும் எல்லாத் திரைக்கும் சாவி இருக்கு. அவர் ஏன் இருக்கக் கூடாது?"

"இருக்கலாம்," என்றார் துப்பறிவாளர். "ரெண்டு பேர்ல யாருன்னு அந்த ஏழு பேரே சொல்லியிருக்காங்க. யாரும் கேட்கலை. திருடு போன வீட்டுல எடுத்துட்டுப் போனதைத்தான் எல்லாரும் தேடுவாங்க. போட்டுட்டுப் போனதைப் பார்க்க மாட்டாங்க. ஒரே ஒரு கேள்வியில ஏழு பேரும் தோத்திருக்காங்க. குழந்தைக்கு மருந்து ஏத்துற கேள்வி."

டீச்சரின் கை தானாக மேஜை விளிம்பைப் பிடித்தது.

"என்ன எழுதியிருந்தாங்க?"

"பதினாலு," என்றான் கமா. "கோரஸா."

அந்தக் கேள்வி டீச்சருக்கு மனப்பாடம். ஐந்து கிலோ எடையுள்ள குழந்தை. கிலோ ஒன்றுக்கு மணிக்கு இரண்டரை மில்லி. விடை பன்னிரண்டரை. வேலை மிச்சம் என்று அவள் முதல் கேள்வியை அப்படியே நகல் எடுத்து, பெரியவரைக் குழந்தையாக்கி, விடையை மாற்றினாள். நகலோடு ஒட்டிக்கொண்டு வந்த சலுகையை மாற்ற மறந்துவிட்டாள். பெரியவருக்கான இரண்டு மில்லி, ஐந்து கிலோ குழந்தைக்கும் அப்படியே நின்றது.

"அந்தக் கேள்விக்கு மொதல்ல ரெண்டு மில்லி சலுகை இருந்துச்சு," என்றாள் மெல்ல. "பதினாலு தட்டினாகூடப் பச்சை வந்திருக்கும். குளிக்கும்போது திடீர்னு ஞாபகம் வந்தது. அவ்வளவு மருந்து போனா குழந்தை என்ன ஆகும்? ஈரத் தலையோட ஓடி வந்து கால் மில்லியாக் குறைச்சேன்."

"சரிபார்ப்பு முடிஞ்ச பிறகா?"

"ஆமா. முடிஞ்ச பிறகு மாத்தணும்னா மேனேஜர் அனுமதிக்கணும். புது எண்ணை அவரே தட்டினாத்தான் ஏத்துக்கும். தட்டினார்."

"அப்ப மேனேஜருக்குக் கால் மில்லி தெரியும். பதினாலு ஓடாதுன்னும் தெரியும். உங்களுக்கும் தெரியும். மாத்தின கேள்வி மறுபடி சரிபார்ப்புக்குப் போகணுமே?"

டீச்சர் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஜன்னலுக்கு வெளியே யாரோ வண்டியை ஸ்டார்ட் செய்ய உதைத்துக்கொண்டே இருந்தார்கள்.

"நான் அனுப்பிக்கறேன்னு மேனேஜர்கிட்ட சொன்னேன். அனுப்பல."

"ஏன்?"

"அனுப்பினா, முதல் தடவை அவ சரின்னு விட்ட கேள்வியில தப்பு இருந்துச்சுன்னு பதிவாயிடும். வேலை நிரந்தரமாகிற சமயம். கல்யாணம் வேற வருது. ஒரு கரும்புள்ளி எதுக்குன்னு..." குரல் தேய்ந்தது. "அவகிட்டயும் சொல்லல. சொன்னா மனசு கஷ்டப்படுவான்னு."

சொல்லி முடித்ததும் தான் என்ன சொல்லியிருக்கிறோம் என்பது அவளுக்கே விளங்கியது. சலுகை குறைந்த விஷயம் தெரியாத ஒரே ஆள், அவள் பொத்திப் பொத்திப் பாதுகாத்த ஆள்.

கமா வாயைத் திறந்தான். டீச்சரின் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டான்.

கதவைக் காலால் தள்ளிக்கொண்டு நாத்தனார் உள்ளே வந்தாள். தட்டில் டீ. டீச்சரின் கோப்பையை முதலில் எடுத்து வைத்தாள்.

"உங்களுக்குச் சர்க்கரை கம்மியா சொன்னேன் அண்ணி. சூடு ஆறுறதுக்குள்ள குடிங்க. ஏதாவது தெரிஞ்சுதா?"

"கொஞ்சம்," என்றார் துப்பறிவாளர். "அந்த ஏழு பேரும் ஒரு கேள்வியில மட்டும் தோத்திருக்காங்கம்மா. அந்தக் குழந்தைக் கேள்வி."

"அதுல எப்படி?" என்றாள் நாத்தனார், அடுத்த கோப்பையை நீட்டியபடி. "பதினாலுக்குப் பச்சை வந்துச்சே."

கோப்பை துப்பறிவாளரின் கைக்கும் அவள் கைக்கும் நடுவில் நின்றது. யாரும் அதை வாங்கவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாகக் கமாவும் நடுவில் புகவில்லை.

"அவங்க என்ன தட்டினாங்கன்னு நாங்க சொல்லவே இல்லையேம்மா," என்றார் துப்பறிவாளர்.

டீச்சருக்கு அதைவிட வேறொன்றுதான் குத்தியது. கணக்குப் போட்ட எவள் வாயிலிருந்தும் முதலில் பன்னிரண்டரைதான் வரும். இவள் வாயில் பதினாலு வந்தது. பத்து, சிவப்பு. இருபது, சிவப்பு. பதினைந்து, சிவப்பு. பதினாலு. இவள் எதிர் மேஜையில் குனிந்து உட்கார்ந்து பேப்பரில் கிறுக்கிக்கொண்டிருந்ததைப் பார்த்து, எத்தனை நாள் மற்றவர்களிடம் டீச்சர் பெருமை பேசியிருக்கிறாள்.

"ஐந்து கிலோ குழந்தை," என்றாள் டீச்சர். "கிலோவுக்கு ரெண்டரை. எவ்வளவு?"

"அண்ணி..."

"வகுப்புல கடைசி பெஞ்சுல இருந்தவன்கூடச் சொல்லிடுவான். சொல்லு. எவ்வளவு?"

நாத்தனாரின் உதடுகள் அசைந்தன. எண் எதுவும் வரவில்லை. கோப்பையைத் தட்டில் வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"எனக்குக் கணக்கு வராது அண்ணி. எப்பவுமே வராது. உங்களை மாதிரி வேலைக்குப் போகணும்னு ஆசைப்பட்டேன். அவ்வளவுதான்." அழுகை இப்போது வந்தது. "அவரோட பயிற்சி மையத்துல ஒருத்தர்கூடப் பாஸாகலைன்னு மூடப்போறாங்க. ஏழு பேர், ஏழே பேர் பாஸானா போதும்னு கெஞ்சினார். ஏழு பேரும் ஏழு ஊரு விலாசம் கொடுத்தாங்க, ஒரே மையத்து ஆளுங்கன்னு யாருக்கும் தெரியாதுன்னார். உங்க மேல வரும்னு நான் நினைக்கவே இல்ல."

"வந்த பிறகு?"

நாத்தனார் மூக்கைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தாள். கண்ணில் கண்ணீரோடு நிஜமான ஒரு மனத்தாங்கலும் இருந்தது.

"சலுகையை மாத்தினதை என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல அண்ணி? என்கிட்டயே மறைச்சிட்டீங்களே."

டீச்சர் அவளையே பார்த்தாள். சிரிப்பு வரும் போலிருந்தது. வந்தால் நிற்காது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"இப்ப புரியுது பாஸ்," என்றான் கமா தணிந்த குரலில். "ரெண்டு நட்சத்திரம் எதுக்குன்னு. ஒண்ணும் கண்டுபிடிக்க மாட்டோம்னு நம்பித்தான் நம்மளைக் கூப்பிட்டிருக்காங்க. என் தொழில் வாழ்க்கையில இப்படி யாரும் என்னை அவமானப்படுத்தினதில்ல."

நாலு மணிக்கு மேனேஜர் வந்தார். துப்பறிவாளர் நாற்பதையும் பதினாலையும் விளக்கினார். மேனேஜர் இரண்டு முறை கேட்டார். மூன்றாவது முறை தானே சரிபார்ப்புத் திரையைத் திறந்து, கமா தட்டிய எண்களைத் தட்டிப் பார்த்தார். பச்சை விழுந்தபோது அவர் காதுகள் சிவந்தன.

"அப்ப இவங்க எழுதிக் கொடுத்த சாட்சியம்?" என்றார் நாத்தனாரைக் காட்டி. "விடைத் திரையை வீட்டுல திறந்து வச்சுட்டு, ராத்திரி எல்லாம் யார்கிட்டயோ போன்ல எண் எண்ணா வாசிச்சீங்கன்னு இவங்கதானே விசாரணையில எழுதிக் கொடுத்தாங்க. வீட்டு மனுஷங்களே சொன்னதாலதான் நான் நம்பினேன்."

டீச்சர் அந்தப் பக்கம் திரும்பவில்லை. ராத்திரி சாப்பாட்டுத் தட்டு ஞாபகம் வந்தது. 'ரெண்டு வாய் சாப்பிடுங்க அண்ணி' என்று பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தவள். அந்தக் கையால்தான் எழுதியிருக்கிறாள். எந்த ராத்திரி எழுதினாள் என்று கேட்க வேண்டும் போலிருந்தது. கேட்டு என்ன ஆகப் போகிறது.

மேனேஜர் ராஜினாமா கடிதத்தை எடுத்து இரண்டாகக் கிழித்தார். "மன்னிக்கணும் டீச்சர். திங்கட்கிழமை வழக்கம்போல வாங்க."

"வேற ஒரு கடிதம் இருக்கு சார்," என்றாள் டீச்சர். பேனாவை எடுத்து, கிழிந்த தாளின் பின்பக்கத்தில் எழுதத் தொடங்கினாள். "மாத்தின கேள்வியை மறுபடி சரிபார்ப்புக்கு அனுப்பாம விட்டது நான். உங்ககிட்ட அனுப்பறேன்னு சொன்னது பொய். அதுக்கு என்ன தண்டனையோ கொடுங்க. அதுல மட்டும் கையெழுத்துப் போடறேன்."

"அதெல்லாம் எதுக்கு டீச்சர்? இப்ப அது ஒரு விஷயமே—"

"போடட்டும் விடுங்க," என்றார் துப்பறிவாளர். "கணக்கு டீச்சர். மீதி வைக்க மாட்டாங்க."

டீச்சர் கையெழுத்துப் போட்டு முடித்தபோது அவள் போன் அடித்தது. கணவன். ஒரு வாரமாக இதன் முடிவுக்காகக் காத்திருந்த மனிதன். அவளை மாட்டிவிட்டவன் கையில் கிடைத்தால் காலை உடைப்பேன் என்று காலையில்கூடத் தங்கையை வைத்துக்கொண்டுதான் சொன்னான்.

"அண்ணி." நாத்தனார் அவள் முழங்கையைப் பிடித்தாள். "அண்ணன்கிட்ட சொல்லாதீங்க. உங்க காலைப் பிடிக்கறேன்."

"நான் சொல்ல மாட்டேன்," என்றாள் டீச்சர்.

ஸ்பீக்கரைத் தட்டி, போனை நாத்தனாரின் முன்னால், ஆறிப்போன டீக்குப் பக்கத்தில் வைத்தாள். பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே நடந்தாள். அவள் கதவைத் தாண்டும்போது கணவனின் குரல் அறை முழுக்கக் கேட்டது.

"என்னம்மா, முடிஞ்சுதா? யாருன்னு தெரிஞ்சுதா? ஹலோ... ஏன் யாரும் பேச மாட்டேங்கறீங்க? தங்கச்சி பக்கத்துல இருக்காளா? அவகிட்டயாவது கொடு."